இருபத்தெட்டு நாள் சான்று

நரம்பு பழுதானவருக்கு இன்று மருத்துவம் தருவது பெரும்பாலும் வலியடக்கிதான். சீட்டில் பிரிகாபலின் இருந்தாலும் சரி, டுலோக்செட்டின், அமிட்ரிப்டிலின் இருந்தாலும் சரி, எரிச்சல் கொஞ்சம் தணியும், தூக்கம் வரும். பட்டுப்போன நரம்பிழை அதனால் துளிர்க்காது. இந்த இடைவெளியில்தான் சிபினெடைடு என்ற பெப்டைடு வந்து நிற்கிறது. அதன் ஆய்வுக்கூடப் பெயர் ஏஆர்ஏ 290. பதினோரு அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி அது. வலியை மறைப்பதோடு நிற்காமல் மெல்லிய நரம்பிழைகளை மீண்டும் வளர்க்கும் என்பது அதன் மேல் வைக்கப்பட்ட நம்பிக்கை. எந்த நாட்டிலும் அது விற்பனை அனுமதி பெறவில்லை. ஆனால் 'ஆராய்ச்சிக்கு மட்டும்' என்று சீட்டு ஒட்டிய குப்பிகளில் இணையத்தில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம்.

சென்னைக்குத் தெற்கே, படூரில் இதற்குக் கேட்பார் இருப்பது வியப்பில்லை. பழைய மாமல்லபுரம் சாலையின் இந்தப் பகுதியில் இரண்டு வகை மனிதர்கள் அக்கம்பக்கமாக வாழ்கிறார்கள். ஒரு வகை, சிறுசேரி சிப்காட்டுக்கு வேலைக்குப் போய்விட்டு இரவில் ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள். இவர்களுக்குப் 'பெப்டைடு' பழகிய பேச்சு. மற்றொரு வகை, அவர்களின் அப்பா அம்மா. பத்துப் பதினைந்து வருடச் சர்க்கரைக்காரர்கள். "பஞ்சு மேல நடக்கிற மாதிரி இருக்கு", "எறும்பு ஊருது", "ராத்திரியில பாதம் எரியுது" என்று சொல்பவர்கள். 2023இல் வெளியான ஐசிஎம்ஆர்–இந்தியாப் (INDIAB) ஆய்வின்படி தமிழ்நாட்டில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 14.4 பேருக்கு நீரிழிவு. சென்னையில் நடந்த ஓர் ஆய்வு நீரிழிவுக்காரர்களில் 26.1 சதவீதத்தினருக்கு நரம்புப் பாதிப்பு இருப்பதைக் கண்டது. சித்திரை வெயிலில் கோவளத்து மணலிலோ தார்ச்சாலையிலோ வெறுங்காலோடு நடந்து, சுட்டதே தெரியாமல் வீட்டுக்கு வந்து, மகள் சொல்லித்தான் பாதத்துக் கொப்புளத்தைப் பார்க்கிறவர்கள் இவர்களில் உண்டு.

உறவுக்காரப் பையன் ஒருவன் தன் அப்பாவுக்காக இந்தக் குப்பியை வரவழைக்கலாமா என்று என்னிடம் கேட்டான். நான் தயங்கியதைப் பார்த்ததும், "மாமா, அது மருந்து இல்ல, பெப்டைடு. நம்ம உடம்புல இருக்கறதுதான்" என்றான். இந்த வாதம் நிற்காது. இன்சுலினும் பெப்டைடுதான், நம் உடம்பில் இருப்பதுதான். அளவு தப்பினால் ஆளையே கொண்டுபோகும். உடம்பில் இருக்கிற பொருள் என்பதாலேயே எதுவும் பாதுகாப்பானதாகி விடாது. சிபினெடைடின் பூர்வீகமே இதற்குச் சாட்சி.

எரித்ரோபொய்டின் என்று ஒரு ஹார்மோன். சிறுநீரகம் சுரப்பது, சிவப்பணுக்களைப் பெருக்குவது. டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு ஊசியாகப் போடுவதும் இதுதான். காயம்பட்ட மூளையையும் நரம்பையும் இது காக்கிறது என்று விலங்கு ஆய்வுகள் சொன்னபோது ஆர்வம் பொங்கியது. ஜெர்மனியில் பக்கவாதம் வந்த 522 பேரிடம் சோதித்தார்கள். முடிவு 2009இல் வெளியானது. ஹார்மோன் பெற்றவர்களில் 16.4 சதவீதம் பேர் இறந்தார்கள். வெற்று ஊசி பெற்றவர்களில் 9 சதவீதம். எலியில் நரம்பைக் காத்த பொருள் மனிதரில் சாவைக் கூட்டியது. இதற்கு முன்பே, 2007இல், இவ்வகை மருந்துகளின் அட்டையில் இரத்த உறைவு, கட்டி வளர்ச்சி பற்றிய கடும் எச்சரிக்கையை அமெரிக்க மருந்து ஆணையம் சேர்க்கச் செய்திருந்தது.

சிபினெடைடை உருவாக்கியவர்கள் இந்தக் கேட்டைக் கழற்றிவிடத்தான் முயன்றார்கள். மைக்கேல் பிரைன்ஸ், அந்தோணி செராமி இருவரும் ஹார்மோனின் மேற்பரப்பில் ஒரு துண்டை மட்டும் பார்த்து அதைப்போல் ஒரு சிறு சங்கிலியைக் கட்டினார்கள். சிவப்பணுவைப் பெருக்கும் ஏற்பியை இது தொடாது. காயம்பட்ட திசுவில் மட்டும் தலைகாட்டும் வேறோர் ஏற்பியைத் தொடும் என்பது கருத்து. அழகான யோசனை. சோதனைகளில் சிவப்பணு எண்ணிக்கை ஏறவில்லை என்பதால், பாதி யோசனையாவது மெய் என்று ஏற்கலாம். தாயின் ஒரு நோய் மகளுக்கு இல்லை. மற்றவையும் இல்லை என்பதைத் தனியாகத்தான் நிறுவ வேண்டும்.

இனி மனிதச் சோதனைகள். நெதர்லாந்தின் லைடன் நகரில் சார்காய்டோசிஸ் என்ற அழற்சி நோயால் மெல்லிய நரம்பிழை கெட்டவர்களிடம் தொடங்கினார்கள். 2012இல் வெளியான முதல் சோதனையில் 22 பேர். அடுத்ததில் நாற்பதுக்கும் குறைவானவர்கள். 2015இல் இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்கள் 48 பேர். 2017இல் மீண்டும் சார்காய்டோசிஸ், 64 பேர். நான்கிலும் சிகிச்சைக் காலம் ஏறக்குறைய நான்கு வாரம்தான். வெற்று ஊசி பெற்றவர்களைக் கழித்துவிட்டால், உண்மை மருந்தை உடம்பில் ஏற்றிக்கொண்டவர்கள் சுமார் நூறு பேர்.

பலன் இருக்கிறதா? இருக்கிறது என்றே தோன்றுகிறது, கொஞ்சம். 2017 சோதனையில் கண்ணின் கருவிழியில் ஓடும் நரம்பிழைகளின் பரப்பை அளந்தார்கள். 1, 4, 8 மில்லிகிராம் என மூன்று அளவுகள். 4 மில்லிகிராமில் மட்டுமே உறுதியான ஏற்றம். 8 மில்லிகிராமில் அதைவிடக் குறைவு. கருவிழிப் படத்தில் இழை கூடுவதும் பாதத்தில் எரிச்சல் அடங்குவதும் வேறு வேறு. என் கேள்வி பலனைப் பற்றியதல்ல என்பதால் அதை இங்கேயே விடுகிறேன். ஒன்றை மட்டும் குறித்துக்கொள்ளலாம்: இரட்டிப்பாகப் போட்டால் இரட்டிப்பு நன்மை என்ற ஜிம் கணக்கு இந்தப் பொருளுக்குப் பொருந்தவில்லை.

அந்த நூறு பேரில் மருந்தின் மேல் பழி போடத்தக்க கடும் கேடு எதுவும் தெரியவில்லை. விற்பவர்கள் பிடித்துக்கொள்ளும் வாக்கியம் இதுதான்: 'சோதனைகளில் பாதுகாப்பானது என நிரூபிக்கப்பட்டது.' புள்ளியியலில் ஓர் எளிய கணக்கு உண்டு. ஒரு கேடு ஒரு கூட்டத்தில் ஒருவருக்கும் வரவில்லை என்றால், மூன்றை அந்தக் கூட்டத்தின் எண்ணிக்கையால் வகுத்துக்கொள்ளுங்கள். உண்மை விகிதம் அதுவரைகூட இருக்க இடமுண்டு. நூறு பேரில் யாருக்கும் வரவில்லையா? அப்படியானால் நூற்றுக்கு மூன்று பேர் வரை அந்தக் கேடு வரும் வாய்ப்பை இந்தச் சோதனைகள் மறுக்கவில்லை. நூற்றுக்கு ஒன்று என்றே வைத்தாலும், கால் எரிச்சலுள்ள ஒரு லட்சம் பேர் போட்டுக்கொண்டால் ஆயிரம் பேர். அதுவும் நான்கு வாரத்துக்குள் தலைகாட்டும் கேடுகளுக்கு மட்டுமே இந்தக் கணக்கு. கட்டி வளர்ச்சி நான்கு வாரத்தில் தெரியாது. உடம்பு இந்தச் சங்கிலிக்கு எதிர்ப்பொருள்களை உண்டாக்கி, அவை சொந்த ஹார்மோனையே தாக்கத் தொடங்கினாலும் அது பெரும்பாலும் மாதக்கணக்கில்தான் வெளியாகும். பெல்ஃபாஸ்டில் நீரிழிவால் விழித்திரை வீங்கியவர்களுக்கு 12 வாரம் கொடுத்துப் பார்த்தார்கள். கடும் கேடு இல்லை, பார்வையும் தேறவில்லை. சேர்ந்தவர்கள் 9 பேர்.

இதெல்லாம் ஏட்டுச் சுரைக்காய், எதிலும் இப்படிக் குறை சொல்லலாமே என்று கேட்பவர்களுக்குப் பெஜினெசடைடின் கதையைச் சொல்ல வேண்டும். அதுவும் செயற்கைப் பெப்டைடுதான். அதுவும் எரித்ரோபொய்டின் வேலையை ஒட்டி உருவானதுதான். அது மறைவாக விற்கப்பட்டதும் அல்ல. அஃபிமாக்ஸ், டகேடா நிறுவனங்கள் முறைப்படி சோதித்து, ஆயிரத்துக்கும் மேற்பட்ட சிறுநீரக நோயாளிகளுக்கு ஓராண்டும் அதற்கு மேலும் கொடுத்துப் பார்த்து, 2012 மார்ச்சில் அமெரிக்க அனுமதி வாங்கின. அடுத்த பிப்ரவரியில் சந்தையிலிருந்து முழுதாகத் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் 25,000க்கும் மேற்பட்டோர் போட்டிருந்தார்கள். ஐந்நூறில் ஒருவருக்கு ஒவ்வாமை. ஐயாயிரத்தில் ஒருவர் அளவில் சாவு. முதல் ஊசி போட்ட அரைமணிக்குள். ஆயிரம் பேர், ஓராண்டு என்ற வடிகட்டியில் பிடிபடாத கேடு, சந்தைக்கு வந்ததும் பிடிபட்டது.

எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது அடுத்த செய்தி. சோதனைகளில் பயன்பட்டது ஒருமுறை போட்டுத் தூக்கி எறியும் குப்பி. சந்தைக்கு வந்தது பலமுறை ஊசி குத்தி எடுக்கும் குப்பி. கெடாமல் இருக்க அதில் ஃபீனால் சேர்த்திருந்தார்கள். பிறகு ஆராய்ந்தபோது பலமுறைக் குப்பியில் கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள் கூடுதலாக இருந்தது தெரிந்தது. சந்தேகம் மருந்தின் மூலக்கூறைத் தாண்டி அதை அடைத்த விதத்தின் மேல் விழுந்தது. அதாவது, பெயர் ஒன்றாக இருப்பதாலேயே மருந்து ஒன்றாகி விடுவதில்லை.

படூருக்கு வந்து சேரும் குப்பியை இப்போது கையில் எடுத்துப் பார்க்கலாம். அடியில் ஒட்டிய வெள்ளைப் பொடி. கூடவே, பென்சைல் ஆல்கஹால் கலந்த தண்ணீர்க் குப்பி. விற்பவர் அனுப்பும் சான்றிதழில் 'தூய்மை 98 சதவீதம்' என்று இருக்கும். அந்த எண்ணைத் தரும் சோதனை பெப்டைடோடு வேறு பெப்டைடு எவ்வளவு கலந்திருக்கிறது என்று சொல்லும். கிருமி உண்டா இல்லையா என்று சொல்லாது. பாக்டீரியா செத்த பின்னும் விட்டுப்போகும் எண்டோடாக்சின் என்ற நச்சைப் பற்றியும் சொல்லாது. காய்ச்சலும் நடுக்கமும் தருவது அதுதான். மீதி 2 சதவீதம் என்ன என்பதற்கும் பதில் இருக்காது. அந்தச் சான்றிதழ் இந்தக் குப்பிக்கு உரியதுதானா என்பது அடுத்த கேள்வி. குளிர்ப்பெட்டியில் கிளம்பிய பொட்டலம் மே மாதத்தில் கூரியர்காரர் பைக்கின் பெட்டிக்குள் எத்தனை மணி நேரம் கிடந்தது என்பதற்குக் கணக்கு எழுதுவாரும் இல்லை.

அளவுக் கணக்கு இதைவிட ஆபத்தானது. 16 மில்லிகிராம் பொடியில் 1 மில்லி நீர் கலந்தால், 4 மில்லிகிராமுக்குக் கால் மில்லி எடுக்க வேண்டும். இணையத்தில் அதை '25 யூனிட்' என்று எழுதுகிறார்கள். அது வெளிநாட்டுக் கணக்கு. 100 யூனிட் சிரிஞ்சுக்கானது. நம் ஊர் மருந்துக் கடையில் ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கும், சிவப்பு மூடி போட்ட 40 யூனிட் சிரிஞ்சும் கிடைக்கும். வருடக்கணக்கில் இன்சுலின் போடும் பெரியவர்கள் பலர் வீட்டில் இருப்பது சிவப்பு மூடிதான். அதில் 25ஆம் கோடு வரை இழுத்தால் வருவது 0.625 மில்லி. 4 மில்லிகிராமுக்குப் பதில் 10 மில்லிகிராம் உள்ளே போகும். 2017 சோதனையின் உச்ச அளவே 8 மில்லிகிராம்தான். மகன் வெளிநாட்டுக் காணொளியைப் பார்த்துச் சொல்ல, அப்பா வீட்டில் இருக்கிற சிரிஞ்சில் இழுக்க, அந்தச் சோதனையில் எவரும் பெறாத அளவை அவர் தினமும் பெறுவார். நீரிழிவுச் சோதனையில் சர்க்கரை அளவும் சற்று இறங்கியதாகச் சொல்லியிருக்கிறார்கள். ஏற்கெனவே இன்சுலினோ கிளிமிபிரைடோ எடுப்பவருக்கு இது நல்ல செய்தி என்பதைவிடக் கவனிக்க வேண்டிய செய்தி.

பாதுகாப்புக்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதங்களில் கொஞ்சமாவது வலுவுள்ளது ஒன்றுதான். இந்தச் சங்கிலி உடம்பில் நிற்பதே இல்லை. தோலடியில் போட்டால் சுமார் 20 நிமிடத்தில் பாதி கரைந்துவிடும். நிற்காத பொருள் எப்படிக் கெடுக்கும் என்கிறார்கள். ஆனால் இதே ஆட்கள், சில நிமிடமே இருந்தாலும் ஒரு பழுதுபார்க்கும் வேலையைத் தொடங்கி வைத்துவிடும், அது வாரக்கணக்கில் ஓடும் என்றும் சொல்கிறார்கள். நன்மை நீண்டு ஓடுமென்றால் தீமையும் நீண்டு ஓடலாம். இரண்டில் ஒன்றை மட்டும் நிமிடக் கணக்கில் அளக்க முடியாது.

படூர் இருக்கும் செங்கல்பட்டு மாவட்டத்துக்கு நரம்பு நோயும் புதிதல்ல, சோதனை மருந்தும் புதிதல்ல. செங்கல்பட்டை அடுத்த திருமணியில் இன்று மத்திய தொழுநோய் பயிற்சி, ஆய்வு நிறுவனம் இருக்கும் வளாகம் அன்று லேடி வில்லிங்டன் தொழுநோய் இல்லம். 1940களில் தொழுநோய் மருத்துவர் ராபர்ட் கோக்ரேன் அங்கே இருந்தார். டாப்சோன் என்ற மருந்தை மிகுந்த நச்சு என்று மற்றவர்கள் ஒதுக்கி, அதன் வழிவந்த விலை கூடிய மருந்துகளையே நம்பிய காலம். கோக்ரேன் அந்த மூல மருந்தையே அளவைக் குறைத்து, எண்ணெயில் கலந்து ஊசியாகப் போட்டுப் பார்த்தார். தாங்கியது. பிறகு உலகமெங்கும் லட்சக்கணக்கானோருக்கு அது தொழுநோய் மாத்திரையானது. சோதனை மருந்தென்றாலே கைகூப்பி விலக வேண்டியதில்லை என்பதற்கு இதைவிட அருகில் ஓர் எடுத்துக்காட்டு கிடைக்காது.

ஆனால் அந்தக் கதைக்கு மறுபாதி உண்டு. டாப்சோன் எடுத்த சிலருக்கு நான்கைந்து வாரம் கழித்துக் காய்ச்சல், தோல் உரிவு, கல்லீரல் வீக்கம் என ஒரு கடும் ஒவ்வாமை வந்தது, சிலர் இறந்தார்கள். யாருக்கு வரும் என்பதைச் சொல்லும் மரபணுக் குறியை 2013இல்தான் கண்டுபிடித்தார்கள். ஏறக்குறைய எழுபது ஆண்டு. அதுவும் ஒவ்வொரு நோயாளிக்கும் பதிவேடு இருந்ததால், மருந்து கொடுத்தவர் மறுவாரமும் அவரைப் பார்த்ததால் தெரிய வந்தது. திருமணியில் இருந்தது சோதனை. கூரியரில் வருவது சோதனை அல்ல. அங்கே கேடு வந்தால் அது அறிவாகச் சேர்ந்தது. இங்கே கேடு வந்தால் 'சர்க்கரை ஏறிடுச்சு' என்ற பேச்சோடு முடிந்துபோகும்.

எதிர்த் தரப்பின் வலுவான வாதத்தையும் தட்டிக்கழிக்கக் கூடாது. இந்த மருந்தின் பெரிய, இறுதிக்கட்டச் சோதனைகள் வரும் வரை, அறுபத்தைந்து வயதில் தூக்கமில்லாமல் எரியும் காலோடு கிடக்கிறவர் காத்திருக்க வேண்டுமா? பிரிகாபலின் மட்டும் என்ன தங்கமா, தலைசுற்றலும் மயக்கமும் தந்து குளியலறையில் விழ வைக்கவில்லையா? உண்மைதான். நான்கு வாரக் கணக்கை மட்டும் பக்கத்தில் வைத்தால் சிபினெடைடே மேல் என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பிரிகாபலினின் தீமையை நாம் அறிவோம். கோடிக்கணக்கானோர் விழுங்கி அது தெரிய வந்தது. தெரிந்த தீமைக்கு அளவைக் குறைக்கலாம், இரவில் மட்டும் கொடுக்கலாம், நிறுத்தலாம். தெரியாத தீமைக்கு எதைக் குறைப்பது?

அரசு அனுமதி இருந்தாலே போதும் என்றும் நான் சொல்ல வரவில்லை. பன்றி மூளையிலிருந்து எடுக்கும் பெப்டைடுக் கலவையான செரிப்ரோலைசினும் அதையொத்த செரிப்ரோபுரோட்டீன் ஊசிகளும் நம் நாட்டு மருத்துவமனைகளில் பக்கவாதத்துக்குப் போடப்படுகின்றன. அமெரிக்காவில் அதற்கு அனுமதி இல்லை. செரிப்ரோலைசின் பற்றி 7 சோதனைகளையும் 1,601 நோயாளிகளையும் சேர்த்து எடைபோட்ட 2020ஆம் ஆண்டின் காக்ரேன் மதிப்பாய்வு, அது சாவைக் குறைக்கவில்லை, உயிர் பறிக்காத கடும் கேடுகளைக் கூட்டவும் கூடும் என்றது. அளவுகோல் முத்திரை அல்ல, எண்ணிக்கையும் காலமும்தான். அந்த அளவுகோலில் அனுமதி பெற்ற ஊசியே தடுமாறும்போது, அனுமதி பெறாத குப்பி எங்கே நிற்கும்?

என் தீர்ப்பு இது. மூலக்கூறு என்ற அளவில் சிபினெடைடு மதிப்புக்குரியது. முந்தைய ஹார்மோனின் பெரிய குறையைத் தாண்டியிருக்கிறது. பெரிய, நீண்ட சோதனைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. சான்று என்ற அளவில், நான்கு வாரத்தில் அடிக்கடி வரும் கேடு இல்லை என்பது வரைதான் நிறுவப்பட்டிருக்கிறது; அதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. இணையக் குப்பியாக அது எந்தச் சான்றுக்கும் உட்படாத வேறு பொருள். அதைப் போட்டுக்கொள்ளக் கூடாது. முறையான சோதனை இந்தியாவில் நடந்தால் சேர்வதில் எனக்கு மறுப்பில்லை. அது ஐசிஎம்ஆர் நடத்தும் மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவாகியிருக்க வேண்டும். யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி கடும் கேடு நேர்ந்தால் 24 மணி நேரத்துக்குள் ஆய்வாளர் தெரிவிக்க வேண்டும்; சோதனையால் கேடு நேர்ந்தால் இழப்பீடும் உண்டு. குப்பி விற்பவரிடம் இதில் எதைக் கேட்க முடியும்?

அந்தப் பையனிடம் அப்பாவுக்கு முதலில் பி12 அளவைப் பார்க்கச் சொன்னேன். மெட்ஃபார்மின் மாத்திரையைப் பல வருடம் எடுப்பவர்களுக்கு அது குறைவதுண்டு. குறைந்தால் வரும் நரம்புக் கோளாறு நீரிழிவுக் கோளாறு போலவே இருக்கும். ஊசியோ மாத்திரையோ போட்டு ஈடுசெய்யலாம். தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கவும், வீட்டுக்குள்ளும் மிருதுவான செருப்பு போடவும் சொன்னேன். ஏற்கெனவே யாராவது இந்தக் குப்பியைப் போட்டுத் தோல் தடிப்போ காய்ச்சலோ மூச்சுத் திணறலோ வந்திருந்தால், வெட்கப்பட்டு மறைக்காமல் மருத்துவரிடம் குப்பியோடு போங்கள். மருந்துகளின் பக்க விளைவைப் பதிவு செய்யும் அரசின் இலவசத் தொலைபேசி எண் 1800-180-3024.